முதுகெலும்புள்ள கார்

நான் பொய் சொன்னேன். ஒரு காரைப் பற்றி. ஒரு நாள் அல்ல, இரு நாள் அல்ல… ஆண்டுக்கணக்காக! கோயில் வாசலில், திருநீறு பூசிய நெற்றியோடு நின்றும் சொன்னேன்.

காரைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஒரு பொய்யா என்று நீங்கள் கேட்கலாம். விற்கிறவர்கள் நாள்தோறும் சொல்வதுதானே என்று என்னைத் தேற்றவும் முற்படலாம். வேண்டாம். முழுவதையும் கேட்டபின் மனம் வந்தால் தேற்றுங்கள். வராது.

ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் வசிக்கும் கணித ஆசிரியன் நான். கணிதம் படிப்பிக்கிறவன் எதைச் சொன்னாலும் கணக்குப் பார்த்துத்தான் சொல்வான் என்று எங்கள் சனங்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் திருத்தவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது! ஆகவே கார் வாங்க நினைக்கும் தமிழர்கள் முதலில் வங்கிக்குப் போவார்கள். அடுத்ததாக என்னிடம் வருவார்கள்.

பெரும்பாலும் அவர்கள் கேட்பது ஒரே காரைப் பற்றித்தான். பெயரைச் சொல்லமாட்டேன்; அதைச் செய்தவர்கள்மீது ஒரு குற்றமும் இல்லை. மிகப் பெரிதுமல்ல, சிறிதுமல்ல. பிள்ளைகள், தள்ளுவண்டி, பனிச்சறுக்குக் கட்டைகள், கோயிலுக்குக் கொண்டுபோகும் பொங்கல் பானை எல்லாம் ஏறும். பனி உறைந்த மேட்டிலும் வழுக்காமல் ஏறும். குடும்பக்காரனுக்கென்றே செய்த உயரமான கார். அதில் இதுவரை மூன்று தலைமுறைகள் வந்திருக்கின்றன. மூன்றையும் நான் மதிப்பிட்டேன். முதலாவது, பரவாயில்லை. இரண்டாவது, உன்னதம்! மூன்றாவது, வீழ்ச்சி.

இந்தத் தீர்ப்பின் அளவுகோல் என்ன? இயந்திரமா? பாதுகாப்பா? எரிபொருட் சிக்கனமா?

இல்லை. பின்வரிசை நடு இருக்கையில் என் அத்தானால் உட்கார முடியுமா, முடியாதா… அவ்வளவுதான்!

அத்தான் என்றால் என் மனைவி வாசுகியின் தமையன். எங்கள் வழக்கில் அப்படித்தான் அழைப்போம். பெயர் சிவநேசன். மெட்ரோ ரயில் போய் முடியும் வெஸ்ட்லியில், ஓர் உயர்ந்த கட்டடத்தில் தனியாக இருக்கிறார். கல்யாணம் செய்யவில்லை. கார் ஓடத் தெரியாது. அவருக்கு ஆண்டில் ஒரே ஒரு பெரிய பயணம். கோடை விடுமுறையில், ஒரு பகல் முழுக்கக் கார் ஓடவேண்டிய தூரத்தில், துரொண்ட்ஹெய்மில் இருக்கும் இளைய தங்கையின் வீட்டுக்கு எங்களோடு வருவார்.

அந்தப் பயணத்தை முதல் தலைமுறைக் காரில் தொடங்கினோம். என் மனைவிக்குத் தலைசுற்று வரும் என்பதால் அவள் முன்னால். பின்னால் இரு கரையிலும் பிள்ளைகளின் இருக்கைகள். நடுவில் அத்தான். அந்தக் காரின் நடு இருக்கை, ஐயோ, எவ்வளவு அகலம்! தரையும் ஏறக்குறையச் சமதளம். அத்தான் காலை நீட்டி, முன்னிரு இருக்கைகளுக்கும் இடையில் தலையை நுழைத்து, கருவறையில் மூர்த்தியைப்போல் வீற்றிருப்பார். பின்பார்வைக் கண்ணாடியில் எனக்குச் சாலை தெரியாது. அத்தான்தான் தெரிவார்.

சும்மா இருந்தாலும் பரவாயில்லை. வேகப் பலகைகளை வாசிப்பார்! ஒவ்வொன்றையும்! உரத்த குரலில்!

"எண்பது… எண்பது தம்பி. இஞ்சை எழுபது! எழுபதெண்டு போட்டிருக்கு. அங்கை பாரும், கடமான் பலகை. கடமான் வரும்!"

கடமான் வந்ததே இல்லை. ஆனால் பலகைகள் வந்துகொண்டே இருந்தன. நோர்வேயில் வேகப் பலகைகளுக்கு ஒரு குறையும் இல்லை என்பதை அறிவீர்களா? நான் அறிவேன். என் காதுகள் அறியும்!

மூன்று கோடைகள் பொறுத்தேன். நாலாம் கோடைக்கு முன் அந்தக் காரின் இரண்டாம் தலைமுறை வந்தது.

விற்பனை நிலையத்தில் நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறவே இல்லை. நேரே பின்கதவைத் திறந்து நடுவில் உட்கார்ந்தேன். ஆகா! நான்கு சக்கரங்களுக்கும் விசை போவதற்காகத் தரையின் நடுவே ஒரு திமில் எழுந்திருந்தது. காலை எங்கும் வைக்க முடியவில்லை. முழங்கால் நாடியைத் தொட்டது. சாய்ந்தால் மடக்கி வைத்திருந்த கைதாங்கி முதுகில் கல்லாக அழுத்தியது.

விற்பனை செய்த இளைஞன் வெட்கத்தோடு சிரித்தான். "அந்த இடத்தில் பொதுவாக யாரும் உட்காருவதில்லை" என்றான்.

அவன் அதைக் குறையாகச் சொன்னான். எனக்கு அது தேவவாக்காகக் கேட்டது!

வீட்டுக்கு வந்து வாசுகியிடம் உறுதியோடு சொன்னேன்: "இந்தக் காருக்கு முதுகெலும்பு இருக்கு. தரையிலை ஒரு மேடு தெரியுதெல்லே? அதுதான். அது இருந்தால்தான் பனியிலை கார் பிடிச்சு நிக்கும்."

"முந்தினதுக்கு இல்லையோ?"

"முந்தினது புழு" என்றேன்.

அவள் நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? கணித வாத்தியார் அல்லவா!

அந்தக் கோடையில் அத்தான் வழக்கம்போல் நடுவில் ஏறினார். பாதி வழிகூட வரவில்லை, லில்லெஹாமர் ஊரைத் தாண்டமுன் அவருடைய இடுப்புப் பிடித்துக்கொண்டது. இறங்கி, சாலையோரத்தில் இரண்டாக மடிந்து நின்றார். "பரவாயில்லை தம்பி, நல்ல கார். பிழை என்ரை நாரியிலைதான்" என்றார். என் உள்ளம் அப்போது என்ன செய்தது என்று சொல்லட்டுமா? துள்ளியது! மனிதனா நான்?

அடுத்த கோடை அவர் ரயிலில் போனார். அதற்கடுத்த கோடையும். ஒருமுறை பாதியில் ரயிலை நிறுத்தி, எல்லாரையும் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். தங்கை வீட்டில் நாங்கள் சாப்பிட்டு முடித்து, பாத்திரமும் கழுவிய பிறகு, கையில் ஒரு பலகாரப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். வாசுகி அண்ணனுக்குச் சோறு போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "கார் பெரிசாகப் பெரிசாக இடம் குறையுது. ஏனெண்டு விளங்கேல்லை."

எனக்கு விளங்கியது.

பொய் ஒன்று சொன்னால் அது வீட்டோடு நிற்குமா? கோயிலின் கார் தரிப்பிடத்தில் ஆட்கள் என்னிடம் கேட்டார்கள். வாசுகியிடம் சொன்னதற்கு மாறாக அங்கே எப்படிச் சொல்வேன்? "முதுகெலும்பு!" என்றேன். அந்தச் சொல் பரவியது. "முதுகெலும்பு உள்ளதை வாங்குங்கோ" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். திமில் உள்ள கார்கள் ஹொல்ம்லியாவில் பெருகின.

பிறகு மூன்றாம் தலைமுறை வந்தது. மின்சாரக் கார், இங்கே நம்மவர்களும் 'எல்பில்' என்பார்கள். ஓசை இல்லை, புகை இல்லை. தரையோ… கண்ணாடிபோல் சமதளம்! நடு இருக்கை சாய்மனைக் கதிரை! பார்த்ததும் எனக்கு வியர்த்தது. ஒஸ்லோ முழுதும் எல்பிலுக்கு மாறிக்கொண்டிருந்தபோது நான் ஒருவன் மட்டும் தரிப்பிடத்தில் நின்று, குளிரில் மின்கலம் சோர்ந்துவிடும், முதுகெலும்பில்லாத கார் மலையில் நம்மைக் கைவிடும் என்று பிரசங்கம் செய்தேன்.

கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு மென்பொருள் பொறியாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "சார், குளிர்ல கொஞ்சம் ரேஞ்ச் குறையும், ஒத்துக்கறேன். ஆனா அந்த வண்டியில எனக்குப் பிடிச்சதே பின் சீட்டுதான் சார். நீங்க எல்லாத்தைப் பத்தியும் பேசறீங்க, அதைப் பத்தி மட்டும் பேச மாட்டேங்கறீங்களே, ஏன் சார்?"

என் வாழ்க்கையில் என்னை நேருக்கு நேராகப் பிடித்தவர் அவர் ஒருவர்தான். "உங்கடை ஊரிலை பனி இல்லைத்தானே" என்று சொல்லித் தப்பினேன். அவர் எல்பில் வாங்கினார். பெற்றோர் வந்தபோது எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார். நான் அவரைக் கண்டால் வேறு பக்கமாக நடப்பேன்.

இதோடு முடிந்திருந்தால் இதை உங்களிடம் சொல்லியிருக்கமாட்டேன். அத்தான் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, தலையைச் சொறிந்தபடி நின்றார்.

"தம்பி, நான் கார் ஓடப் பழகப் போறன்."

ஐம்பதைத் தாண்டிய மனிதர்! "இப்ப ஏன் அத்தான்?" என்றேன்.

"ரயில் சரிவராது. உங்களுக்கும் கரைச்சல் குடுக்கேலாது. கார் பாத்திட்டன். நீர் சொன்னதுதான்… அந்த முதுகெலும்பு உள்ளது. பழசு, ஆனால் நல்லாயிருக்கு. பக்கத்திலை இருந்து பழக்க ஒரு ஆள் வேணுமாம். நீர் வருவீரோ?"

வாசுகியின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். வேறென்ன சொல்ல முடியும்? அவர் சத்தத்துக்குப் பயந்து, நாரியை முறித்து அனுப்பியவன், ஞாயிறுதோறும் அவர் பக்கத்தில் கட்டுண்டு உட்கார்ந்தேன். காரின் பின்னால், ஓடப் பழகுகிறவர் என்று காட்டும் சிவப்பு எழுத்துப் பலகை. உள்ளே அவரும் நானும். இதைவிடத் தண்டனை வேண்டுமா என்று அப்போது நினைத்தேன். தண்டனை இன்னும் தொடங்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிறு, பெருந்தெருவில் போய்க்கொண்டிருந்தோம். அத்தான் சற்றே கரைக்கு ஒதுங்கிவிட்டார். சாலையோரம் வெட்டியிருக்கும் வரிகளில் சக்கரம் ஏறி, கார் முழுவதும் கர்ர்ர்ர் என்று அதிர்ந்தது. "உள்ளுக்கு! உள்ளுக்கு எடுங்கோ!" என்று அலறினேன். அவர் பதறாமல் உள்ளே எடுத்தார். சிரித்தார்.

"உந்தச் சத்தம் ஞாபகம் இருக்கோ தம்பி?"

"எந்தச் சத்தம்?"

"டொவ்ற மலையிலை. உம்மடை முதல் கார். மத்தியானம் சாப்பிட்டிட்டு வெளிக்கிட்டனாங்கள். தங்கச்சியும் பிள்ளையளும் நித்திரை. பாத்தால் நீரும் நித்திரை! கார் கரையிலை ஏறிக் கர்ரெண்டுது. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. கண்ணிலை பட்ட பலகையை வாசிச்சுக் கத்தினனான். எண்பது எண்டு. நீர் முழிச்சிட்டீர்."

நான் எதிரே வந்த வேகப் பலகையைப் பார்த்தேன்.

"அதுக்குப் பிறகு நான் விடேல்லை. நெடுக வாசிச்சுக்கொண்டு வந்தனான். ஊர்க்கதை கதைச்சால் தங்கச்சி எழும்பிப் புறுபுறுப்பாள். பலகை வாசிச்சால் ஆர் என்ன சொல்லுறது?"

"ஏன் அத்தான் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் உமக்கு வெக்கம். தங்கச்சிக்குத் தெரிஞ்சால் பிறகு உம்மை ஓட விடமாட்டாள்."

மறந்திருந்தேன் என்று உங்களிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது. இந்த வாக்குமூலத்திலும் ஒரு பொய்யா? இல்லை… மறக்கவில்லை. அந்த அதிர்வும், விழித்த கணத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டதும் எனக்குத் தெரியும். "ஏன் அத்தான் கத்துறியள்?" என்று அவர்மேல் எரிந்து விழுந்ததும் தெரியும். அவருடைய குரல் எனக்கு ஏன் அவ்வளவு கசந்தது? அது வேகப் பலகையையா வாசித்தது? என்னையல்லவா வாசித்துக்கொண்டிருந்தது!

அன்று சொல்லிவிடத் துணிந்தேன். உண்மையாகவே துணிந்தேன். "அத்தான், இந்தக் காரைப் பற்றி நான் சொன்னது…"

"ஓம் ஓம், நீர் சொன்னது முழுக்கச் சரி" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார். "வேறை கார் இப்பிடிக் கரைக்குப் போயிருந்தால் பிரண்டிருக்கும். முதுகெலும்பு! பிடிச்சு நிக்குது, பாத்தீரோ?"

"ஓம்" என்றேன். அவ்வளவுதான் என் துணிவு!

அவருக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தது. முதல் தடவையிலேயே. அதிலிருந்து அவர் கார் ஓட்டுநர் மட்டுமல்ல, என் சீடரும் ஆனார். கோயில் தரிப்பிடத்தில் நான் வாய் திறப்பதற்கு முன் அவர் திறந்துவிடுகிறார்.

சென்ற மாதம் ஓர் இளம் தம்பதி என்னிடம் வந்தார்கள். இருவரும் இங்கேயே பிறந்தவர்கள். இரண்டு பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"அங்கிள், எங்களுக்கு மூண்டாவது வருது" என்றான் அந்தப் பையன். "மூண்டு பார்ணெசேத்த பின்னாலை வைக்கோணும். எல்பில் எடுக்கிறதோ, இல்லாட்டிப் பழசோ?"

மூன்று குழந்தை இருக்கைகள்! சமதளத் தரை! அகன்ற நடு இருக்கை! இதைவிட எளிதான கணக்கு என் வகுப்பில்கூட இல்லை. எல்பில் எடுங்கள் என்று இரண்டு சொல் போதும்.

அத்தான் முந்திக்கொண்டார். "எல்பிலோ? அதுக்கு முதுகெலும்பு இல்லைத் தம்பி! என்ரை காரைப் பாரும்." பின்கதவைத் திறந்து, அந்தத் திமிலைக் கையால் தடவிக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் எவ்வளவு பெருமை! "என்ன மாஸ்டர், நான் சொல்லுறது சரிதானே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தாயின் வயிற்றில் இருந்ததும் பார்த்ததோ என்னவோ…

அவர்களிடம் உண்மையைச் சொன்னால் அத்தானிடமும் சொல்லவேண்டும். அந்தத் திமில் ஏன் உன்னதமானது என்பதைச் சொல்லவேண்டும். அவர் ரயிலில் போன கோடைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். வாசுகியும் நாலடி தள்ளி நின்றாள்.

"இரண்டும் நல்ல கார்தான்" என்றேன்.

கேட்டீர்களா? இரண்டும் நல்ல கார்தானாம்!

அவர்கள் நன்றி சொல்லி, அத்தானின் காரையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். போன கிழமை அந்தப் பையன் படம் அனுப்பியிருந்தான். பழையது. திமிலோடு. "டுசென் டக், அங்கிள்" என்று ஆயிரம் நன்றி சொல்லியிருந்தான்.

நடு இருக்கைக்குரிய குழந்தை மார்கழியில் பிறக்கிறதாம்.