மாட்டைக் கொஞ்சம் பிடிங்க

கால்நடை வைத்தியத்தில் மருந்து கால்வாசிதான். மாட்டை அசையாமல் நிறுத்துவதுதான் மீதி. கல்லூரியில் இதற்கென்று தனிப் பாடமே உண்டு. தலையை எப்படிக் கட்டுவது, பின்னங்காலை எப்படிப் பிணைப்பது என்று படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். மாட்டுக்காரரை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. அதை வில்லியனூரிலும் பாகூர் பக்கத்திலும் நானாகப் பட்டுத் தெரிந்துகொண்டேன். மாடோ, நாயோ, மேலதிகாரியோ, எதையாவது சமாளித்துக் காலம் தள்ளுகிற எல்லோருக்கும் என் பாடு புரியும்.

சாதுவான மாடு

"மாட்டைக் கொஞ்சம் பிடிங்க" என்றால், "அது ஒண்ணும் பண்ணாது சார்" என்பதுதான் வழக்கமான பதில். ஒண்ணும் பண்ணாத மாடுகள் என் முழங்காலை ஒரு வழி பண்ணியிருக்கின்றன. செல்லிப்பட்டில் ஒரு விவசாயி கயிற்றைத் தூணில் சுற்றக்கூட மறுத்துவிட்டார். கட்டினால் அவருடைய லட்சுமிக்கு மனசு ஒடிந்துபோகுமாம். மடிநோய்; காம்பைத் தொட்டுப் பார்க்காமல் வைத்தியம் இல்லை. தொட்டேன். அடுத்த நொடி சாணக்குழி ஓரத்தில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் முதலில் மாட்டின் காலைத் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"அது மேல தப்பு இல்ல சார். நீங்க கை வெச்சதும் கூச்சப்பட்டுடுச்சு."

போடாத ஊசி

நல்லவாட்டில் ஒருவருடைய ஆட்டுக்கு லேசான அஜீரணம். ஒரு வேளை பட்டினி போட்டால் சரியாகிவிடும், ஊசி வேண்டாம் என்றேன். தேவையில்லாத மருந்தைக் கொடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான வேலை என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன். மனிதர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். டீ வாங்கிக் கொடுத்தார். வண்டி வரைக்கும் கூடவே வந்தார்.

"இன்னா சார், ஊசி தீந்து போச்சா? முன்னாடியே சொல்லியிருந்தா வேற டாக்டரக் கூப்டிருப்பேனே."

பத்தியம்

வில்லியனூர் கடைத்தெருவில் ஸ்வீட் ஸ்டால் வைத்திருப்பவர் ஒரு நாய் வளர்க்கிறார். கடை மூடும்போது மிஞ்சுகிற மைசூர்பாகு, லட்டு எல்லாம் அதற்குத்தான். நடக்கச் சொன்னால் உட்காரும், உட்காரச் சொன்னால் படுத்துவிடும். இனிப்பை அடியோடு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் நாய் தாங்காது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் நாயைப் பார்த்தார், நாய் அவரைப் பார்த்தது.

"எனக்கே டாக்டர் சுகர நிறுத்தச் சொல்லி நான் நிறுத்தல சார். இதுங்கிட்ட எந்த மூஞ்ச வெச்சிக்கினு சொல்றது?"

இரண்டு குண்டான் பொங்கல்

கிருமாம்பாக்கத்தைத் தாண்டி ஒரு வீடு. அண்ணன் தம்பி இரண்டு குடும்பம். அடுப்பு தனித்தனி, மாடு மட்டும் பொது. மூத்த மருமகள் வசந்தாவுக்கும் இளையவள் சுமதிக்கும் ஆகாது. வீட்டில் இனிமேல் சண்டை வரக்கூடாது, இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது மாமனாரின் உத்தரவு. அப்படியே இருந்தார்கள். மாட்டுப் பொங்கலன்று வசந்தா ஒரு குண்டான் நிறைய பொங்கலை மாட்டுக்கு வைத்துவிட்டு உள்ளே போனாள். அது தெரியாமல் சுமதி தன் அடுப்பிலிருந்து இன்னொரு குண்டான் கொண்டுவந்து வைத்தாள். மாடு இரண்டையும் தின்றது.

சோறு அளவுக்கு மிஞ்சினால் மாட்டின் வயிற்றில் புளித்து உயிருக்கே உலை வைத்துவிடும். சாயங்காலம் நான் போனபோது இடப்பக்கம் உப்பிப்போய் மாடு படுத்துக் கிடந்தது. நிறைசினை வேறு. கன்றிலிருந்து அதை வளர்த்த வசந்தா, தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சுமதி வாசற்படியை விட்டு நகரவில்லை. எனக்கு வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு, சோடா உப்பைக் கரைத்து ஊற்றினேன், நரம்பில் மருந்து ஏற்றினேன். அதற்கு மேல் என் கையில் ஒன்றுமில்லை. மாடு ஒரு பக்கமாகச் சாய்ந்தால் மூச்சு முட்டும். விடியும்வரை இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்து அண்டை கொடுக்க வேண்டும், கத்தினாலும் ஒரு வாய் தீனி வைக்கக்கூடாது என்றேன். அண்ணனும் தம்பியும் பண்டிகையைக் கொண்டாடி முடித்து, எழுப்பக்கூடிய நிலையில் இல்லை. வசந்தா ஒரு பக்கம் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சுமதி மறுபக்கம் உட்கார்ந்தாள்.

காலையில் போனால் மாடு நின்றுகொண்டிருந்தது. சாணி போட்டிருந்தது, மெதுவாக அசைபோடவும் ஆரம்பித்திருந்தது. சாணியைப் பார்த்து நான் பட்ட சந்தோஷத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். வசந்தா எனக்குக் காபி போட உள்ளே போயிருந்தாள். தூக்கமில்லாமல் கண் சிவந்துபோன சுமதி, வைக்கோல் மூட்டையில் சாய்ந்தபடி சொன்னாள்:

"மாட்டுக்கு எதனா ஆச்சுன்னா நீதாண்டி காரணம்னு அக்கா ராத்திரி பூரா திட்டிச்சு சார். நானும் வுடல, திட்டனேன். போன ஆடிலேர்ந்து இப்பத்தான் நாங்க பேசிக்கிறோம்."

பிடியுங்கள், கட்டுங்கள், நிறுத்துங்கள் என்று நான் தொண்டை வறளக் கத்தியும் யாரும் கேட்காத இந்தப் பக்கத்தில், ஒரே ஒரு வீட்டில்தான் மாமனார் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாயை அடக்கினார்கள், அங்கேதான் மாடு சாகப் பார்த்தது.