சுரண்டி படாத மூலை

பதுளைப் பூங்காவில் ரெங்கம்மா வேலைக்குச் சேர்ந்தது 1896இல். அதற்கு முன் பதினாலு வருஷம் கொஸ்லந்தப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் புல்லு வெட்டினாள். புருஷன் காய்ச்சலில் போனபின் தோட்டத்தை விட்டு நடந்தே வந்து சேர்ந்தாள்.

தோட்டத்தில் புல்லு வெட்டுவது லேசான காரியமில்லை. தேயிலையைத் தவிர ஒரு பச்சை தரையில் இருக்கக் கூடாது. சுரண்டியால் வழித்து, சிவப்பு மண் பளிச்சென்று தெரிய வேண்டும். ஒரு முளை தப்பினாலும் கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசுவான். பதினாலு வருஷம் ஏச்சு வாங்கிய கை பச்சையைக் கண்டால் சும்மா இருக்குமா?

பூங்காவின் மேற்பார்வையாளர் ஜௌபர் சாந்தமான மனிதர். காட்டை வெட்டிப் பூங்கா போட்டபோது கிழக்கு மூலையை மட்டும் மன்றாடிக் காப்பாற்றியிருந்தார். அங்கே தலைக்கு மேல் பெரிய மரங்கள், அவற்றின் நிழலில் சின்ன மரங்கள், அதற்கும் கீழே புதரும் கொடியும், தரையோடு தரையாகச் சிறு செடிகள். நடுவில் ஒரு கிழட்டு மரம். அதற்குச் சிங்களத்தில் ஏதோ பெயர், பூங்கா வாசலில் கடை வைத்திருந்த என் வாயில் நுழையாது. பதுளையில் அந்த இனத்தில் அது ஒன்றுதான். பல வருஷம் காய்க்காமலே இருந்து, ரெங்கம்மா வேலைக்குச் சேர்ந்த சமயம்தான் காய்த்து, அடியில் நாற்பத்தொரு கன்று முளைத்திருந்தது.

“இந்த மூலைய நல்லாப் பாத்துக்கம்மா. கண்டிக்குப் போய்ட்டு வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனார் ஜௌபர்.

நல்லாத்தான் பார்த்துக்கொண்டாள். பத்து நாள் கழித்து அவர் வந்தபோது மரங்களுக்கடியில் வெறும் சிவப்பு மண். போதாததற்கு விளக்குமாறு வேறு போட்டுக் கூட்டியிருந்தாள்.

“பாருங்கய்யா, ஒரு புல்லு இருந்தா கேளுங்க” என்றாள் பெருமையாக.

ஜௌபர் ஏசவில்லை. அப்படியே மரத்தடியில் உட்கார்ந்து, போனது என்னவென்று மெதுவாகச் சொன்னார். ஏசியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். குப்பைக்குழியைக் கிளறி, வாடிய கன்றுகளைப் பொறுக்கி நட்டாள். ஒன்றும் பிழைக்கவில்லை. அடுத்த ஆடிக்காற்றில் தாய்மரமும் சாய்ந்தது.

மண்ணுக்குள் ஒரு விதையாவது மிச்சம் இருக்காதா? அதன்பின் அவள் உயிர் வாழ்ந்ததே அந்த நப்பாசையில்தான். ஜௌபர் அந்த மூலையை அவளிடமே விட்டார். சுரண்டியை அவள் அதற்குள் கொண்டுபோனதே இல்லை. தினமும் விடிந்ததும் மண்டியிட்டு, புதிதாக முளைத்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். அந்த மரத்தின் கன்றாக இல்லாவிட்டாலும் பிடுங்க மாட்டாள். காற்றில் வந்தது, குருவி போட்டது எல்லாம் வளர்ந்து மூலை மறுபடி அடுக்கடுக்காக மூடிக்கொண்டது. “பாம்பு வளர்க்கிறியா?” என்று நான் கேலி செய்வேன். சிரிக்க மாட்டாள். அப்படிக் கேட்டதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

பதின்மூன்று வருஷம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு துரை பூங்காவின் செடிவகைகளை எண்ணி எழுத வந்தார். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்று ஜௌபர் என்னையும் அழைத்திருந்தார். அந்த மூலையில் மட்டும் நூற்றுப்பன்னிரண்டு வகை. மற்ற இடம் முழுவதும் சேர்த்து அதில் பாதிகூட இல்லை. துரை அசந்துபோனார். ஜௌபர் ரெங்கம்மாவை அவர் முன் நிறுத்தினார். துரை பாராட்டியதை நான் அவளுக்குச் சொன்னேன்.

“அதுல நான் புடுங்குன கன்னு ஒண்ணாச்சும் இருக்கான்னு கேளுங்க” என்றாள்.

ஜௌபர் அந்த மரத்தின் அடையாளங்களைச் சொல்லச் சொல்ல, நான் துரைக்குச் சொன்னேன். துரை ஏடுகளைப் புரட்டினார். அப்படி ஒரு மரம் இந்தப் பக்கம் இருந்ததாக எங்குமே பதிவில்லை, இலையோ விதையோ காட்டாமல் நம்ப முடியாது என்றார். அதையும் அவளுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

ரெங்கம்மா துரையை நேராகப் பார்த்தாள்.

“இருந்துச்சு தொரை. நாந்தான் கொன்னேன். அத எழுதிக்கச் சொல்லுங்க.”

நான் சொன்னேன். துரை எழுதவில்லை.