ஒரு ஃப்ளாப்பியை நம்பிப் பிள்ளையார்பாளையத்தில் நான் பட்ட அசிங்கங்கள்

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்பது அடுத்தவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு, நாலு பேர் பார்க்கப் பார்க்க ஒன்றும் புரியாமல் முழிக்கிற தொழில். முழிப்பதை யோசிப்பதாகக் காட்டத் தெரிந்துவிட்டால் பாதித் தொழில் கைக்கு வந்த மாதிரி. ஸ்க்ரூடிரைவரும் கையுமாக ஊர் சுற்றியவர்களே, கழற்றிப் போட்டதை மறுபடி மாட்டத் தெரியாமல் "ஸ்பேர் வரணும் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவர்களே, நீங்களெல்லாம் என் சொந்தக்காரர்கள். உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். மற்றவர்கள் சிரிப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள், ஆனால் கொஞ்சம் கூச்சத்தோடு சிரிப்பீர்கள்.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்ன சர்வீஸ் கடை இருந்தது. தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த காலம். இன்டர்நெட் அப்போது டெலிபோன் லைனில்தான் வரும். மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி முடித்து, அதற்கு மனசு இருந்தால் வரும்.

வாயைக் கொடுத்தது

பிள்ளையார்பாளையத்தில் வசந்தா என்று ஒருவர். பி.காம். படித்தவர். கல்யாணமாகி வந்த வீட்டில் பிரவுசிங் சென்டர் வைக்க ஆசைப்பட்டு, நாலு பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிப் போட்டிருந்தார். டெலிபோன் லைன் ஒன்றே ஒன்று. முன்னறையைக் கொடுத்தவர் அவர் கணவரின் அண்ணன் ஏகாம்பரம். கொடுத்தார் என்றும் முழுசாகச் சொல்ல முடியாது. ப்ளஸ் டூ ரிசல்ட் வரைக்கும் பார்ப்பேன், அன்றைக்குக்கூடக் கூட்டம் நிற்கவில்லையென்றால் அறையைக் கூரியர்காரருக்கு விட்டுவிடுவேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். ரிசல்ட் இன்டர்நெட்டில் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்ததால், வசந்தாவும் சரி என்றுவிட்டார்.

ஒரு லைனை நாலு கம்ப்யூட்டருக்கும் பகிர வேண்டும். அதற்கென்று தனிப் பெட்டிகள் விற்றார்கள். "அதெல்லாம் எதுக்கு மேடம்?" என்றேன். என் கடையில் ஹார்ட் டிஸ்க் செத்துப்போன பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய, ஒரே ஒரு ஃப்ளாப்பியில் அடங்கிவிடுகிற குட்டி யூனிக்ஸ் ஒன்று உண்டு, அதைச் சொருகினால் செத்த பெட்டி எழுந்து, தானே போன் போட்டு, வருகிற இன்டர்நெட்டை நாலு பேருக்கும் பங்கு வைத்துவிடும் என்று விளக்கினேன். இதை நான் படித்திருந்தேன். செய்து பார்த்ததில்லை. அதை மட்டும் விளக்கவில்லை. சட்டைப் பையில் கிடந்த ஒரு பழைய ஃப்ளாப்பியை எடுத்துக் காட்டினேன். ஏகாம்பரம் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தினியூண்டு அட்டைய நம்பித்தான் எங்க வீட்டுப் பொண்ணு கட வைக்குதா? சரிப்பா, நீ படிச்சவன். சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

ஒன்றாம் வரி

அந்தக் குட்டி யூனிக்ஸ் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிற சாமான் இல்லை. வேறொரு கம்ப்யூட்டரில் நாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதை எங்கள் ஆட்கள் பில்ட் என்பார்கள். என்ன மோடம், என்ன நெட்வொர்க் கார்டு, வேறு என்னென்ன வேண்டும் என்று ஒரு ஃபைலில் வரி வரியாக அடித்துக் கொடுத்தால், கம்ப்யூட்டர் அதைப் படித்து, வேண்டியதைச் சேர்த்து, கடைசியில் ஃப்ளாப்பியில் எழுதித் தரும். நான் அடித்துக் கொடுத்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் நின்றுவிட்டது. ஒன்றாம் வரியில் பிழை என்றது. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

முதல் வரி, இது எந்த வகை மெஷின் என்று சொல்கிற வரி. 'மெஷின்' என்ற சொல், பக்கத்தில் அதன் வகை, அவ்வளவுதான். அதை அழித்து மறுபடி அடித்தேன். நடுவில் இருந்த இடைவெளியைக் கூட்டினேன், குறைத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். போகவில்லை. என்னோடு படித்த சீனு சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தான். சின்ன காஞ்சிபுரத்துப் பையன். பில்டுக்கு வேண்டிய சிடியைக் கொடுத்ததே அவன்தான். கடை போனில் எஸ்.டி.டி. கிடையாது என்பதால் பூத்துக்குப் போய் அவனைக் கூப்பிட்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆட்கள் காத்திருக்க, "மெஷின், மெஷின்" என்று கத்தி அந்த வரியைப் படித்துக் காட்டினேன்.

"அதுல தப்பா இருக்க என்னடா இருக்கு? சிடியில கீறல் விழுந்திருக்கும். ஒரு வரி அடிக்கத் தெரியாதவனையா அந்த ஊர் இன்ஜினியர்னு நம்பிண்டிருக்கு?" என்றான் சீனு.

பிரிக்காத பாக்கெட்

சிடியில் கீறல் இல்லை. சீனு வேறு சிடி கொடுத்தனுப்பினான், அதிலும் அதே ஒன்றாம் வரி. வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன், அங்கேயும் அதே. இதற்கிடையில் வசந்தா போன் செய்யும்போதெல்லாம் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் வோல்டேஜ் சரியில்லை என்றேன். மெஷின் சூடாகிறது, வெயில் இறங்கட்டும் என்றேன். காரணங்கள் தீர்ந்துபோய் ஒருநாள் ஃப்ளாப்பி மட்டம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே அது உண்மை மாதிரி பட்டது. இது உங்களுக்கும் நடந்திருக்கும், இல்லை என்று சொல்லாதீர்கள்.

இதற்கென்று புது ஃப்ளாப்பி பாக்கெட் வாங்கிய ஸ்டேஷனரி கடைக்கு நேரே போனேன். பாக்கெட்டை டேபிள்மேல் வைத்து, இந்த மாதிரி மட்டச் சரக்கை விற்று எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறீர்களே என்று சத்தம் போட்டேன். கல்யாணப் பத்திரிகை மாடல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமே திரும்பி என்னைப் பார்த்தது. கடைக்காரர் பாக்கெட்டை எடுத்து எல்லாப் பக்கமும் பார்த்தார், பிறகு என் பக்கமே திருப்பி வைத்தார். மேலே சுற்றியிருந்த கண்ணாடித் தாள் அப்படியே இருந்தது. என் பில்ட் ஃப்ளாப்பியில் எழுதுகிற கட்டம் வரைக்கும் வந்ததே இல்லை. வந்திருந்தால்தானே நான் பாக்கெட்டைப் பிரித்திருப்பேன்?

"சார், கவரே பிரிக்கல. உள்ள இருக்கறது கெட்டுப்போச்சுன்னு வெளிய இருந்தே பாத்துட்டீங்களா?" என்றார், ரொம்ப மரியாதையாக.

வாலாஜாபாத் வரைக்கும்

வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில். பில் அடிக்கிற பிரிண்டரில் ரிப்பன் சிக்கிக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். ஊரை விட்டுக் கொஞ்ச நேரம் வெளியே இருப்பதே நிம்மதியாகத்தான் இருந்தது. பிரிண்டரைத் திறந்து, வழக்கம்போல நெற்றியைச் சுருக்கினேன். மில் முதலாளி ஏகாம்பரத்துக்குச் சம்பந்தி வழி என்பது எனக்குத் தெரியாது.

"பிள்ளையார்பாளையத்துல ஒரு பொண்ண அலைய வுட்டுக்கினு இருக்கியாமே? இங்க ஆராய்ச்சி எதுவும் வேணாம்பா. ரிப்பன மாட்டிட்டு கெளம்பு" என்றார் அவர்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர்

ரிசல்ட் இந்த வாரமே வருகிறது என்று பேப்பரில் வந்த அன்று, வசந்தா என் கடைக்கே வந்துவிட்டார். கூரியர் ஆள் வந்து அறையை டேப் வைத்து அளந்துவிட்டுப் போனதாகச் சொன்னார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பேன். "இன்னாதான் ஆவுதுன்னு எனக்கும் காட்டுங்க சார்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஃபைலைத் திறந்தேன். ஒன்றாம் வரியில் பிழை என்கிறது, இதுதான் ஒன்றாம் வரி, இதில் ஒரு தப்பும் கிடையாது என்று திரையில் விரலை வைத்துக் காட்டினேன். "இது ரெண்டாவது வரியாச்சே சார், இதுக்கு மேல ஒண்ணு இருக்குதே" என்றார். "அது சாமி பேர் மேடம்" என்றேன்.

மேலே ஆங்கில எழுத்தில் 'ஸ்ரீ காமாட்சி துணை' என்று இருந்தது. அதை நான் அடித்ததாகவே எனக்கு ஞாபகமில்லை. எங்கள் ஊரில் யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்? பட்டுக்கடை பில்லாகட்டும், மளிகைச் சீட்டாகட்டும், தலையில் ஒரு துணை இல்லாமல் கை எழுதாது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை, எண்ணுவதும் இல்லை. மளிகைக் கடைக்காரர் துவரம்பருப்பிலிருந்துதான் ஆரம்பிப்பார். நானும் அப்படித்தான் மெஷினிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன், சீனுவுக்குப் படித்துக் காட்டியதும் அங்கிருந்துதான். கம்ப்யூட்டர் ஒன்றுதான் மேலேயிருந்து படித்திருக்கிறது. காமாட்சி என்று ஒரு மோடமோ கார்டோ அதற்குத் தெரியாததால், அங்கேயே நின்றுவிட்டது.

டேபிளுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாமா என்று இருந்தது எனக்கு. வோல்டேஜ், வெயில், ஃப்ளாப்பி என்று நான் சொன்னதெல்லாம் அவருக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சாமி பேருன்னு நமக்குத் தெரியும் சார். மிஷினுக்கு நீங்க சொல்லவே இல்லியே" என்றார்.

சீனுவின் பழக்கம்

அந்த வரியை அழிக்க எனக்குக் கை வரவில்லை. பிழைப்பு நடக்கிற இடத்தில் அம்மன் பேரை அழிப்பதா? மறுபடி பூத்துக்கு ஓடினேன். வரியின் தலையில் ஒரு # குறியைப் போடு, மெஷின் அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும் என்றான் சீனு. போட்டேன். பில்ட் மடமடவென்று ஓடியது. கடைசியில் ஃப்ளாப்பி கொள்ளவில்லை என்று ஒருமுறை முரண்டு பிடித்தது. பெருமைக்காகச் சேர்த்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்ட பிறகு அடங்கியது. அதற்குப் பிறகுதான் பாக்கெட்டைப் பிரித்தேன். மறுநாள் வசந்தா வீட்டு முன்னறையில் அந்தச் செத்த பெட்டி எழுந்து, போன் போட்டு, நாலு திரையிலும் பக்கத்தைக் கொண்டுவந்தது. சந்தோஷத்தைச் சொல்லலாம் என்று சீனுவைக் கூப்பிட்டு, அந்தக் குறியைப் பற்றி முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டேன்.

"நானும் பெருமாள் பேரைப் போட்டுத்தான்டா எந்த ஃபைலையும் ஆரம்பிப்பேன். முன்னாடி குறி போடணும்கிறதை உனக்கு வேற தனியா சொல்லணுமா? அது எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சிண்டிருந்தேன்" என்றான்.

ரிசல்ட் அன்று

காலையிலேயே கூட்டம் வந்துவிட்டது. தறியை விட்டு எழுந்து அப்படியே வந்தவர்கள், ஹால் டிக்கெட்டை மடித்துக் கைக்குள் வைத்திருந்த பெண்கள், தெருமுனை வரைக்கும் சைக்கிள்கள். நான் இஸ்திரி போட்ட சட்டையில் என் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். மூன்று கம்ப்யூட்டரில் வந்தவர்களும் கடைசிக் கம்ப்யூட்டரில் வசந்தாவும் உட்கார்ந்து நம்பரை அடித்தார்கள். அன்று மாநிலமே அந்த ஒரு பக்கத்தில் முட்டிக்கொண்டிருந்தது. எங்கள் மெலிந்த டெலிபோன் லைனில் சொட்டுச் சொட்டாக வந்ததை என் பெட்டி மிக நியாயமாக நாலு பங்கு போட்டது. நாலு திரையிலும் பக்கத்தின் தலைப்பு வந்து நின்றது. மார்க் ஒருவருக்கும் வரவில்லை. முதல் நாற்காலியில் இருந்த பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அடுத்த தெரு சென்டருக்குப் போய்விடலாமா என்று பின்னால் பேச்சு கிளம்பியது. ஏகாம்பரம் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வசந்தா எழுந்து என் பக்கத்தில் வந்தார். யாருக்கும் கேட்காமல், "சார், உங்க பெட்டிய நிறுத்திடுங்க. என் மிஷினுக்கு நேரா லைனக் குடுங்க" என்றார். பெட்டியை அணைத்து, ஃப்ளாப்பியை நானே உருவினேன். மோடத்தை அவர் கம்ப்யூட்டரில் மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் பக்கம் முழுசாக இறங்கியது. அவர் நம்பரைக் கேட்டு அடித்து, மார்க்கை உரக்கப் படித்தார். பாஸ் என்றதும் வரிசையில் நின்றவர்களெல்லாம் சேர்ந்து கை தட்டினார்கள். தவறியவர்களுக்கு மட்டும் உரக்கப் படிக்கவில்லை, ஒரு துண்டுத் தாளில் எழுதி, மடித்து, கூட வந்த அம்மா கையில் கொடுத்தார். அடுத்த தெருவுக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து நின்றார்கள். நான் வரிசையைச் சரிசெய்தேன், டீ வாங்கிவந்தேன், சும்மா கிடந்த மூன்று கம்ப்யூட்டர்களின் நாற்காலிகளை வாசலில் போட்டு வயசானவர்களை உட்காரவைத்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு ஏகாம்பரம் உள்ளே வந்து, "ரூமு இனிமே உனக்குத்தாம்மா, கூரியர்காரன வரவேணாம்னு சொல்லிட்டேன்" என்று வசந்தாவிடம் சொன்னார். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் நப்பாசை விடவில்லை, ஏகாம்பரத்தின் கண்ணில் படுகிற மாதிரி நகர்ந்து நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயும் பாவம், காலைல இருந்து நின்னுக்கினே இருந்தே. அந்த அட்டைய மட்டும் மறக்காம எடுத்துக்கினு போய்டுபா. தெரியாம யாராவது சொருகிடப் போறாங்க" என்றார்.

இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு வாடிக்கையாளருக்கு நான் பார்த்த மிகச் சரியான ரிப்பேர், நான் மாட்டியதை நானே கழற்றியதுதான்.