நின்றுகொண்டே நாற்காலி தேடியவன்

காலை 6.40. மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் ரியாஸ் நானாவின் சின்ன லொறியில் ஏறியபோது என் கால்களில் இரண்டு வேறு செருப்புகள் இருந்தன. இடது என்னுடையது, வலது என் மனைவி கமலாவுடையது. எல்லாம் அரை மணி நேரத்துக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழைப்பின் வேலை. "வெள்ளிக்கிழமைன்னு சொன்னோமில்ல, அது மாறிருச்சி. ஐயாவ இன்னைக்கே நாலு மணிக்கு விடுறோம்" என்றார் தாதி.

ஐயா என்றால் என் அப்பா. வயது எழுபத்தெட்டு, இடுப்பில் சத்திரசிகிச்சை. எல்கடுவைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பங்களாவில் முப்பத்தொரு வருஷம் அப்புவாக இருந்தவர். துரைக்குச் சமைத்து, பரிமாறி, வீட்டைத் துடைத்து வைக்கிறவரை அங்கே அப்பு என்பார்கள். எங்கள் வீட்டு சோபாவை அவருக்குப் பிடிக்காது. அதில் உட்கார்ந்தால் எழுப்புவதற்கு இரண்டு பேர் வேண்டும். "ஒவ்வொரு தடவையும் தூக்கி நிறுத்த நான் என்ன நெல்லு மூட்டையா?" என்று கேட்டுவிட்டு, தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் இருக்கும் சித்தப்பாவிடமே போவதாக அறிவித்திருந்தார். அந்த வீட்டுக்கு நாற்பத்திரண்டு படி இறங்க வேண்டும். டாக்டரோ இரண்டு படிக்கே முகம் சுளிக்கிறார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு அப்பா இறங்கி வந்தார்: "பங்களாவுல இருந்துச்சே அந்தப் பிரெஞ்சு நாக்காலி, அது மாதிரி ஒண்ணு இருந்தா நானே எந்திரிச்சிக்குவேன். இருந்தா வாரேன்."

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்று நானும் மூன்று வாரமாக பிரெஞ்சு நாற்காலி பற்றிய வீடியோக்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அறிவு ஏராளம், நாற்காலி ஒன்றும் இல்லை.

"பிரெஞ்சுக் கதிரையா?" ரியாஸ் நானா கியரைப் போட்டார். அறுபது வயது; மரம், மாடு, மணவறை எதையும் ஏற்றுகிறவர். "மாத்தளைல இருந்து பிரான்சுக்கு லொறி போகாதே தொரை."

அன்று முழுக்க எனக்கு அதே பெயர்தான்.

பலாபத்வெலவில் திரும்பி மடிப்பொல வழியாகப் போனோம். வளைவுக்கு வளைவு கைபேசியைப் பார்த்தேன். நான் பார்க்கும்போதெல்லாம் மணி வேகமாக ஓடுவது போலிருந்தது. கமலா நான்கு கட்டளைகள் தந்திருந்தாள். கைப்பிடி கட்டாயம் இருக்க வேண்டும். இருக்கை பதினெட்டு அங்குலத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆடக் கூடாது. நான்காவது, "உக்காந்து பாத்துட்டு எடுங்க." அளப்பதற்கு அவளுடைய தையல் நாடாவை எடுத்து வந்திருந்தேன். பாதி வழியில் விரித்துப் பார்த்தால், முதல் ஆறு அங்குலம் கிழிந்துபோய் ஆறில் தொடங்கியது. அவசரத்தில் மனிதன் எடுக்கும் பொருள்களை வைத்து ஒரு காட்சிச்சாலை திறக்கலாம்.

காலை 8.15. வஹகோட்டை. கோயிலைத் தாண்டி ஒரு கிளைத் தெருவில் மெர்சி நோனாவின் வீடு. பழைய கதிரை ஒன்று அங்கே விலைக்கு இருப்பதாக ரியாஸ் நானா கேள்விப்பட்டிருந்தார். மெர்சி நோனா பேசியது சிங்களம், நாங்களும் அப்படியே. இங்கே தமிழில் தருகிறேன். கூடத்தில் ஒரு நாற்காலி, அதன்மேல் ஒரு பூனை. மெருகு போய் வெளிறிய மரம். ஆட்டின் பின்னங்கால் மாதிரி வளைந்த முன்கால்கள். முதுகின் உச்சியில் சிறியதாக ஒரு பூ. கைப்பிடிகளின் மேல் மட்டும் சின்னச் சின்ன மெத்தை. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்த துணி, இப்போது பால் ஊற்றாத சாயத் தேத்தண்ணி நிறம். கண்டியில் ஒரு பெரிய வீட்டை ஏலம் போட்டபோது மாமனார் எடுத்தது என்றார்.

பூனையை விரட்டிவிட்டு நாற்காலியைக் காட்டி, "இருங்க, தேத்தண்ணி கொண்டாறேன்" என்றார்.

"பரவாயில்ல, பரவாயில்ல" என்று நின்றபடியே வாங்கிக் குடித்தேன். குடித்துக்கொண்டே நாற்காலியைச் சுற்றி நடந்தேன். அறுபதாயிரம் என்றார். அந்தத் துணிக்கா, அந்தப் பூனை மயிருக்கா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டு, யோசித்துச் சொல்வதாகக் கிளம்பினேன். மெர்சி நோனா வாசல் வரை வரவில்லை. அதை நான் கவனிக்கவில்லை. மணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலை 9.20. கலேவெல. சந்தை நாள் நெரிசலில் கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவே லொறியை நிறுத்தி, ரியாஸ் நானாவுக்குத் தெரிந்த ஒரு கடைக்குப் போனோம். உள்ளே தங்க நிறத்தில் இருபது நாற்காலிகள் தகதகவென்று நின்றன. கடைக்காரரிடம் ஓடினேன்.

"பிரான்ஸ்தானா?" என்றேன்.

"பிரான்ஸ்தான். போன மாசம் என் மச்சான் அடிச்சது" என்றார் கடைக்காரர். "கல்யாண மேடைக்குப் போற சாமான். சோடியாத்தான் குடுப்பேன். ஒத்தைல குடுத்தா பொண்ணு எங்க உக்காரும்?"

"எங்கப்பாவுக்குத்தான் வேணும்."

"இந்த வயசுல வாப்பாவுக்குக் கலியாணமா? மாஷா அல்லாஹ்."

குனிந்து அடியில் பார்த்தேன். மூன்று வாரத்துப் படிப்பு வீண் போகவில்லை. பழைய பிரெஞ்சு வேலையில் மூட்டுகளை மர முளை அடித்துப் பிடித்திருப்பார்கள், உளி பட்ட தடம் ஏறுமாறாக இருக்கும். இதில் பளபளவென்று திருகாணிகள். ஒரு காலில் விலைச் சீட்டு: 38,000. கையால் அழுத்தியதும் தங்கம் என் உள்ளங்கைக்கு இடம் மாறியது. மீதி நாள் முழுக்க நான் தொட்டதெல்லாம் பொன்னாயிற்று.

தம்புள்ளை வழியாகச் சீகிரியா. ஆறு மணிக்கு வந்த அழைப்பிலிருந்து இதுவரை நான் ஒன்றும் சாப்பிடவில்லை. ரியாஸ் நானா வழியில் இரண்டு முறை சாப்பிட்டார். "தொரை, புள்ள பெறுற வார்டுக்கு வெளிய நிக்கிற ஆம்புள மாதிரி வேர்க்கிறீங்களே" என்றார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வழியிலுள்ள கிலோமீட்டர் கற்களை எண்ணினேன்.

காலை 11.30. சீகிரியாவில் ஒரு சிறு ஹோட்டல். வரவேற்பறையைப் புதுப்பிப்பதால் பழைய தளபாடங்களை விற்கிறார்கள். அங்கேதான் அதைப் பார்த்தேன். கரு நீல வெல்வெட், ஓரமெல்லாம் பித்தளை ஆணி வரிசை, பக்கங்கள் மூடிய அகன்ற நாற்காலி. அடியில் மர முளை. உளித் தடம். அசல். எண்பத்தையாயிரம். நான்கு முறை சுற்றி வந்தேன். ஜன்னலில் தெரிந்த சீகிரியாக் கல்லை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. உலகமே அதைப் பார்க்க வரும் இடத்தில் நான் ஒரு நாற்காலியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கமலாவுக்கு அழைத்தேன். "கெடச்சிருச்சி."

"உக்காந்து பாத்தீங்களா?"

"ம்."

"போனை அந்த நானாகிட்ட குடுங்க."

ரியாஸ் நானா வாங்கினார். "இல்ல தங்கச்சி. தொரை பிரகாரம் சுத்துற மாதிரி சுத்திக்கிட்டு வாராரு. காலைலயிருந்து ஒரு கதிரைலயும் குந்தல்ல. லொறி சீட்டுலயும் நுனிலதான்."

அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. பள்ளி விடுமுறையில் அப்பாவோடு பங்களாவுக்குப் போவேன். அந்தப் பிரெஞ்சு நாற்காலியின் கால்களைத் துடைக்கிற வேலை எனக்கு. எத்தனை வளைவு, எத்தனை இலை என்று இன்றைக்கும் சொல்வேன். அதில் உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்று அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த மாதிரி நாற்காலியைக் கண்டால் சுற்றி வந்து தூசு பார்க்கத்தான் எங்கள் உடம்புக்குத் தெரியும்.

நீல வெல்வெட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்கு, இறங்கினேன். ஸ்பிரிங் ஒரு பெருமூச்சு விட்டது. முழங்கால்கள் என் தாடைக்கு அருகே வந்து நலம் விசாரித்தன. மூடிய பக்கங்களில் பிடிக்க இடமில்லை. மனேஜர் ஒரு கையும் ரியாஸ் நானா ஒரு கையுமாக என்னை வெளியே எடுத்தார்கள்.

"மூட்டை" என்றார் ரியாஸ் நானா. அப்பா சொன்னது அவருக்குத் தெரியாது.

மணி 12.05. இனிப் போக ஒரே இடம்தான் இருந்தது.

மதியம் 1.45. மீண்டும் வஹகோட்டை. மெர்சி நோனா கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"கதிரை விக்கிறதுக்கில்ல."

"காலையில அறுபதுன்னு சொன்னீங்களே நோனா. எழுபது தாறேன்."

"காசு இல்ல விஷயம். வீட்டுக்கு வந்த மனுஷனுக்கு நல்ல கதிரையக் காட்டி இருங்கன்னேன். நீங்க நின்னுக்கிட்டே குடிச்சீங்க. எங்க வீட்டுல குந்துனா அழுக்கு ஒட்டிக்கும்னு நெனைச்சீங்களா?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். வழக்கமாக அந்த இடத்தில் சிரிக்க வைக்கிற ஒரு பகிடி வந்து நிற்கும். அன்று வரவில்லை. "தோட்டத்துப் பங்களா அப்புவோட மகன் நோனா. இது மாதிரி கதிரையத் தொடைக்கச் சொல்லித் தந்தாங்க. இரின்னு யாரும் சொன்னதில்ல. நீங்கதான் மொதல்ல" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் செருப்புகளைப் பார்த்தார். கதவு திறந்தது.

"அப்ப இருங்க. தேத்தண்ணி குடிச்சாத்தான் வியாபாரம்."

மணி 1.52. ஆஸ்பத்திரி சொன்ன நாலு மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் எட்டு நிமிஷம். மாத்தளைக்கு வழி ஒரு மணி நேரத்துக்கு மேல். மெர்சி நோனா அடுப்பு பற்ற வைக்கும் சத்தம் கேட்டது. உட்கார்ந்தேன். முதுகு நேராக நின்றது. பாதம் தரையில் முழுதாகப் பதிந்தது. இருக்கை கெட்டியாக, அதே சமயம் முரண்டு பிடிக்காமல் என்னை ஏற்றுக்கொண்டது. பூனை வந்து, தன் இடத்தில் இருக்கிறவனை வெறுப்போடு பார்த்தது. தேத்தண்ணி வந்தது, நல்ல சூடு. வாய் வெந்தாலும் பாதியில் வைக்கவில்லை. கோப்பை கையில் இருக்க, மறு கையைக் கைப்பிடியின் சின்ன மெத்தையில் ஊன்றி எழுந்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. நாடாவை வைத்துப் பார்த்தேன்: இருபத்து நாலரை. ஆறைக் கழித்தால் பதினெட்டரை.

எழுபது தருகிறேன் என்றதை அவர் ஏற்கவில்லை. அறுபதுதான் வாங்கினார். "துணிய மாத்துங்க. பூவ மட்டும் தொடாதீங்க" என்றார்.

மாலை 3.10. மாத்தளை. நாற்காலியை வீட்டுக் கூடத்தில் இறக்கிவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனோம். திரும்பும்போது முன் இருக்கையில் அப்பா வசதியாக இருக்கட்டும் என்று நான் பின்பெட்டியில் நின்றுகொண்டு வந்தேன். அதில் எனக்கு நல்ல பழக்கம்.

நடை தாங்கியைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குள் வந்த அப்பா நாற்காலியின் முன் நின்றார். குனிய முடியாததால் கைப்பிடி மூட்டில் மட்டும் விரல் மடக்கித் தட்டி ஓசை கேட்டார். உச்சிப் பூவை விரலால் தடவி, ஒட்டிய பூனை மயிரை எடுத்துக் கமலாவிடம் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ உக்காந்து பாத்தியா?"

"பாத்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்."

அப்பா நடை தாங்கியை ஒதுக்கி வைத்தார். பிறகு மெல்லத் திரும்பி, இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து உட்கார்ந்தார். ஒரு முறை எழுந்தார். யாரையும் கூப்பிடவில்லை. மறுபடி உட்கார்ந்தார்.

"அப்ப எனக்கும் ஒண்ணு போடு."

ஒரே நாளில் மாத்தளை மாவட்டத்தின் பாதியைச் சுற்றிவிட்டேன். ஊர் திரும்பிக் கண்ட வித்தியாசம் ஒன்றுதான்: அப்பா உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணியைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய்ப் பக்கத்தில் நின்றேன். முதல் மிடறு குடித்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கோப்பையை நீட்டினார்.

"சீனி கூடிப்போச்சு."

முப்பத்தொரு வருஷம் துரை வாயிலிருந்து அவர் கேட்ட வசனம், ஒத்திகையே தேவைப்படவில்லை.