கல்லாங்காட்டுக்கு நான் ஊற்றிய தண்ணீர்

பல வருஷத்துக்கு முன்னால் ரசப் பீப்பாயைத் திறந்த அன்று கொட்டகையில் இருந்தவர்கள் நாலே பேர்: எஸ்டேட் முதலாளி, மாதா கோயில் பூசைக்குத் திராட்சை ரசம் செய்துகொடுத்த ஸ்பெயின் தேசத்து பிரதர், கொடி வெட்டிக் காவலும் பார்க்கிற ஆரோக்கியம் அண்ணன், அப்புறம் அங்கே கூலி வேலை செய்த நான். மற்ற மூவரும் பேசினார்கள். பேசியிருக்க வேண்டியவள் பேசவில்லை.

போன வாரம் ஏற்காடு ஏரிக்கரைக் கடையில் ஒரு சிவப்பு பாட்டில். 'மலைச்சரிவுத் திராட்சை' என்று ஒட்டியிருந்தது. எந்தச் சரிவு என்று கேட்டேன். "சரக்கு கீழ சேலத்துல இருந்து வருதுங்க" என்றான் கடைக்காரன். ருசி பார்க்க ஒரு மூடி ஊற்றினான். சர்க்கரைப் பாகும் சாயமும். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

சரிவென்றால் எல்லாம் ஒன்றா? கொட்டச்சேட்டுக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் திராட்சைக்கு இரண்டு இடம். ஓடையோரம் கருமண்; காலை பத்து மணிவரை பனி விலகாது; பழம் கோலிக்குண்டு மாதிரி, கடித்தால் வெறும் தண்ணீர். மேலே கல்லாங்காடு, மேற்குப் பார்த்தது. பொழுது இறங்கிய பிறகும் பாறை கையைச் சுடும். பழம் சுண்டைக்காய் அளவுதான். ஆனால் அதன் கறை மூன்று நாளைக்கு விரலை விட்டுப் போகாது. இத்தனைக்கும் பிரதர் தன் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே கொடிதான் இரண்டிலும்.

பிரதர் எங்களிடமே தமிழ் படித்தவர். ஆட்டைக்கூட "ஏனுங்க, அப்பால போங்க" என்றுதான் விரட்டுவார். "எங்க ஊருலயும் கல்லுதானுங்க. கொடி தண்ணிய அதுவே தேடோணும்" என்பார்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அது ஏறவில்லை. நான் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிற ரகம். அந்த வருஷப் பங்குனியில் கல்லாங்காட்டில் இலை ஓரம் சுருண்டதும் கொடி செத்துவிடும் என்று பயந்து, எல்லோரும் சாப்பிடப் போன நேரங்களில் ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து பன்னிரண்டு நாள் ஊற்றினேன். பழம் உப்பியது. எனக்குச் சந்தோஷம் வேறு!

பீப்பாயைத் திறந்த அன்று பிரதர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "இது தண்ணி குடிச்ச பழமுங்க."

முதலாளி விசாரிக்கவே இல்லை. "ஏண்டா ஆரோக்கியம், உன்ற காவல்ல மழை பேஞ்சுதா? ரெண்டு மாசக் கூலி கெடையாது, போ."

"நா ஊத்தலீங்க முதலாளி" என்றார் அண்ணன். அவ்வளவுதான். என் வாய்க்கு என்ன கேடு?

வெளியே வந்ததும் அவர் சிரித்தார். "உன்ற கொடம் ஒழுகுது கண்ணு. தடமெல்லாம் ஈரம், நா பாத்துட்டுத்தான் இருந்தேன். கொடிக்கு நொம்பத் தாகம்னு நெனச்சியாக்கும்?"

"அடுத்த கூலியில குடுத்தர்றேனுங்கண்ணா" என்று அழுதேன். அடுத்த கூலிக்குள் அவர் குடும்பத்தோடு மலையை விட்டு இறங்கிவிட்டார். எங்கே போனார் என்று மாரமங்கலம் வரை நடந்து கேட்டேன், தெரியவில்லை.

'வெறும் கல்லு, ரசமும் சரியில்லை' என்று சொல்லி முதலாளி அந்தச் சரிவையே விற்றார். என் குடம் அவருக்குச் சாக்கு. பிரதர் தன் தேசத்துக்குத் திரும்பினார். கொடியும் இல்லை, கொட்டகையும் இல்லை. சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாத அந்தப் பாறைமேல் இன்று ஒரு ஓட்டலின் நீச்சல் குளம்.

ஆரோக்கியம் அண்ணனுக்கு நான் தர வேண்டிய பாக்கி, அந்த இரண்டு மாசக் கூலி, நானூற்று இருபது ரூபாய்.