பிள்ளைகளை அடக்கிய மூலை

சுனாமிக்கு நான்கு வருஷம் கழித்து என் மனைவி படுக்கையில் விழுந்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பிறந்த பதினேழாம் நாள் இறந்த எங்கள் மூத்த மகளை, நாங்கள் இப்போது இருக்கும் முதுநகரின் கல்லறைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். தான் போகும் இடத்தில் அவளும் இருக்க வேண்டும்.

பிள்ளையை அடக்கிய ஊர் வடலூருக்கு மேற்கே, ஒரு செம்மண் மேட்டின் சரிவில் இருந்தது. அங்கே ஆறு வருஷம் நான் வாத்தியார். சுரங்கத்துக்காக ஊரைக் காலி செய்தபோது பெரியவர்களின் எலும்புகளை அவரவர் வீட்டார் எடுத்துப்போனார்கள். மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு மூலையில் அடக்கிய பிள்ளைகளை யாரும் எடுக்கவில்லை. நாங்களும் எடுக்கவில்லை. அப்போது எனக்கு மாற்றல் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்குப் பின் பிறந்த மூன்று பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள்.

மனைவியின் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். இரண்டு பஸ் மாறினோம். என் மாத்திரை சட்டைப்பையில் இருக்கிறதா என்று நான் ஐந்து தடவை தொட்டுப் பார்த்ததாக அவன் சொன்னான். நான்கு தடவைதான்.

என் காலத்தில் அறுபத்து நான்கு வீடுகள். இப்போது ஒன்றிலும் கூரை இல்லை, கதவு இல்லை. சுவர் நின்றவை இருபத்து மூன்று. பள்ளிக்கூடம் நின்ற இடத்தில் சீமைக்கருவேலம் மண்டியிருந்தது. ஊருக்குப் பின்னால், சுரங்கத்திலிருந்து எடுத்துக் கொட்டிய மண் இன்னொரு மலையாகப் பனை உயரத்துக்கும் மேலே நின்றது. அதன் அடிவாரம் மேலத்தெருவை மூடிவிட்டது. நாங்கள் நின்ற நேரத்திலேயே மேலிருந்து மண் சரியும் சத்தம் கேட்டது. அடுத்த மழைக்குள் மூலையும் போய்விடும்.

கோயிலில் தரை மட்டும் மிச்சம். அதன் பின்படியிலிருந்து முப்பத்தெட்டு காலடி. அடக்கிய அன்றே எண்ணி வைத்திருந்தேன். எண்ணி நடந்தேன். முப்பத்தெட்டில் மேடு எதுவும் இல்லை, ஒரு முந்திரி மரம் நின்றது.

மச்சான் சிரித்தான். "மாமா, அப்ப வாலிபம். இப்ப கோழி மாதிரி வைக்கிறீங்க எட்டு. நான் நடக்கிறேன், பாருங்க."

அவன் காலை அகட்டி நடந்து வேறு இடத்தில் போய் நின்றான். அங்கே பிள்ளைகளின் மேடுகள் பதினொன்று இருந்தன. எல்லாம் ஒரே அளவு, எதிலும் சிலுவை இல்லை.

"இதுல எதுன்னு சொல்லுங்க."

"கணக்குப்படி..."

"கணக்கு ஜாஸ்தி, ஞாபகம் கம்மி உங்களுக்கு. அக்கா வந்திருந்தா கண்ண மூடிகிட்டுக் காட்டியிருக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னது சரிதான்.

கொண்டுபோன மண்வெட்டியால் ஒவ்வொரு மேடாகத் தோண்டினோம். இரண்டாவது மேட்டில் கறுப்புக் கண்ணாடி வளையல் துண்டு ஒன்று கிடைத்தது. என் மகளுக்குப் போட்டது கறுப்பு வளையல். அதைத் துடைத்து எடுத்துவைத்தேன். மூன்றாவதிலும் ஒரு துண்டு கிடைத்தது. ஆறாவதிலும் கிடைத்தது. எல்லாப் பிள்ளைக்கும் அதைத்தான் போடுவார்கள். எலும்பு எதிலும் இல்லை.

"ஒரு பிடி மண்ண எடுங்க, அவதான்னு சொல்லிடலாம். அக்காவுக்கு என்ன தெரியும்?" என்றான் மச்சான்.

கல்யாணமான முப்பத்தொன்பது வருஷத்தில் அவளிடம் நான் எத்தனையோ மறைத்திருக்கிறேன். இதில் முடியவில்லை. பதினொரு மேட்டிலும் ஒவ்வொரு பிடி எடுத்து, அவள் கொடுத்தனுப்பிய வெள்ளைத் துணியில் கட்டினேன்.

வீட்டுக்கு வந்து துணி முடிப்பை அவள் பக்கத்தில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். துணிமேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்ப பதினொன்னும் வந்துடுச்சா?"

"ஆமா."

"அதுங்க அம்மாங்களுக்கு யாரு சொல்றது?"

காலி செய்தவர்கள் எங்கெங்கோ போயிருந்தார்கள். அவர்களில் எனக்கு இருப்பிடம் தெரிந்தவர்கள் இரண்டு பேர். அந்த இரண்டு வீட்டிலும் பிள்ளை சாகவில்லை.

"சொல்றேன்" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.