பத்து மணிக்குக் கொண்டு சேர்த்தவர்

வேலையில் சேரப் போன என் மகன் அப்பாயின்ட்மெண்ட் ஆர்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு, ரயிலேறச் செங்கல்பட்டுக்குப் போய்விட்டான். அதை எடுத்துக்கொண்டு ஓடி, பஸ்ஸையும் விட்டுவிட்டு மாமல்லபுரத்தில் நின்றேன். என்னைக் காரில் ஏற்றிக்கொண்டவர் ஒரு ரஷ்யர். நரைத்த மீசை, கையில் பெரிய கடிகாரம். நிமிஷத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பக்கத்தில் இருந்த கைடுதான் அவர் பேச்சைத் தமிழில் சொன்னார்.

“பத்து மணி ரயிலுங்க” என்றேன்.

“பயப்படாதம்மா, இவரு சோவியத்துல ராலின்னு கார் பந்தயம் ஓட்டுனவரு. அங்க சொந்தக் காருக்கு வருசக்கணக்கா காத்துக்கினு கெடக்கணுமாம். ராலி கிளப்புல சேந்தா காரு, பெட்ரோலு எல்லாம் கவர்மெண்டு. அதான் இவரு வேல செஞ்ச ஃபேக்டரி மொத்தமும் ராலி பைத்தியமா ஆயிட்ச்சாம்.”

கார் பறந்தது. ஸ்டேஷன் தெரிந்ததும் ஓரமாக நின்றுவிட்டது.

“இன்னாத்துக்கு நிறுத்திட்டாரு?”

“நீதானம்மா பத்து மணின்ன? ராலியில சொன்ன நேரத்துக்கு முந்திப் போனாலும் மார்க்கு கொறைப்பாங்களாம். இன்னும் ஆறு நிமிசம் கீதாம்.”

பத்து மணிக்கு ரயிலே கிளம்பிவிடும்; ஆனால் சும்மா ஏற்றிக்கொண்டு வந்தவரை எப்படி விரட்டுவது? பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரியாகப் பத்துக்கு வாசலில் இறக்கினார்.

ஓடினேன். மகன் பிளாட்பாரத்தில்தான் நின்றிருந்தான். ரயில் முக்கால் மணி லேட்.

பின்னாலேயே வந்த ரஷ்யர் கடிகாரத்தையும் காலித் தண்டவாளத்தையும் மாறி மாறிப் பார்த்து ஏதோ கேட்டார்.

“இந்த ரயில்காரங்களுக்கு யாரு மார்க்கு கொறைக்கிறதுன்னு கேக்குறாரும்மா.”

அவர் முகம் அப்படி வாடியிருந்தது. என்னைக் கேட்டால் அந்த ரயிலுக்கு நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன்.